பங்கு தெரிந்தால் பரப்புத் தெரியும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றிடம் காணி உறுதி இல்லை. நினைவு மட்டுமே உண்டு. மருதானையில் எம்மைச் சந்தித்த தாயொருவர் கேட்டார்: "சுவாமி, ஐயாவின்ர காணியில மூண்டில ஒரு பங்கு அக்காவுக்குச் சீதனம். நாலில ஒரு பங்கு தங்கச்சிக்கு. மிச்சம் பத்துப் பரப்பு எனக்கு. முழுக்காணி எவ்வளவு?"

உடன் வந்த மகன் கணக்கிட்டான்: 1/3உம் 1/4உம் சேர்ந்து 2/7, மிச்சம் 5/7. அது 10 பரப்பு என்றால் முழுக்காணி 14 பரப்பு.

இது பிழை. இரண்டு மூடையும் மூன்று கொத்தும் சேர்ந்து ஐந்து மூடை ஆகுமா? மூன்றிலொன்றும் நாலிலொன்றும் அவ்வாறே வெவ்வேறு அளவுத் துண்டுகள். கூட்டுமுன் அவற்றை ஒரே அளவாக்க வேண்டும்.

முழுக்காணியைக் 'க' என்போம்.

க/3 + க/4 + 10 = க

படி 1: 3ஆலும் 4ஆலும் மீதியின்றிப் பிரிபடும் மிகச் சிறிய எண் 12. இதுவே பொதுப் பகுதியெண்.

படி 2: ஒவ்வோர் உறுப்பையும் 12ஆல் பெருக்குக.

4க + 3க + 120 = 12க

பின்னங்கள் மறைந்துவிட்டன. பலர் 10ஐப் பெருக்க மறப்பர். அப்போது காணி 2 பரப்பாகச் சுருங்கிவிடும்!

படி 3: 7க + 120 = 12க. ஆகவே 5க = 120; க = 24.

படி 4: சரிபார்க்க. அக்காவுக்கு 8, தங்கைக்கு 6, தாய்க்கு 10. மொத்தம் 24 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே காணி ஒன்றரை ஏக்கர்.

மகனின் கணக்கை நம்பியிருந்தால் குடும்பம் 10 பரப்பை மறந்திருக்கும்.

இக்கணக்கு உரிமைக்குச் சான்றாகாது. ஆனால் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி கேட்கும்போதும், நில அளவையாளர் முன் நிற்கும்போதும், எதைத் தேடுகிறோம் என்ற தெளிவைத் தரும். தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கும் கொடுக்க மறுத்த நாபோத்து (1 அரசர் 21) தன் உடைமையை அறிந்திருந்தான். நாமும் அறிந்திருப்போம்.

பயிற்சி: ஒரு காணியில் பாதி அண்ணனுக்கு, ஐந்திலொரு பங்கு தம்பிக்கு, மிச்சம் 6 பரப்பு தங்கைக்கு. முழுக்காணி எவ்வளவு? பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

(விடை: 20 பரப்பு)