வெளியே போகும் ஐந்நூறு ரூபாய்

“வரும் கூலி வயிற்றுக்கே போதவில்லை, சேமிப்பது எங்கே?” என்று அங்கத்தினர்கள் வினவுவதை நாம் சங்கந்தோறும் கேட்டு வருகிறோம். கேள்வி நியாயமானதே. ஆயினும், அவ்வாறு வினவுகின்றவர்களுள் சிலரே ஐப்பசியில் வெளியாரிடம் ஐந்து வட்டிக்குக் கடன் பட்டிருப்பதையும் நாம் அறிவோம். அம்மாதத்தில் தறிக்குழியில் நீர் ஊறும். கஞ்சியிட்ட பாவைத் தெருவில் நீட்டிக் காயவைக்க இயலாது. தீபாவளியோ காத்திராது.

ஐந்து வட்டி என்பது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், அதாவது வருடத்திற்கு 60 ரூபாய். 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 500 ரூபாய் கட்டுகிறார். இருபது மாதங்களில் வட்டியாகவே 10,000 ரூபாய் போய்விடுகிறது. அசலில் ஒரு காசும் குறைவதில்லை. ஆக, மாதம் 500 ரூபாய் அவரிடம் இல்லாமலில்லை. அது வேறொருவர் வீட்டில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அதே 500 ரூபாயை மாதந்தோறும் சேமிப்பில் இட்டு, வருடத்திற்கு 6 சதவீத வட்டி மாதாமாதம் அசலுடன் கூடி வருவதாகக் கொள்வோம். ஐந்தாண்டு முடிவில், கட்டிய 30,000 ரூபாய் ஏறத்தாழ 34,900 ஆகும். வட்டி 4,900 தானா என்று அங்கத்தினர் உதட்டைப் பிதுக்கலாம். பொறுத்துப் பத்தாண்டு கட்டினால், 60,000 ரூபாய் ஏறத்தாழ 81,900 ஆகிறது. பின் ஐந்தாண்டில் மட்டும் வட்டி 17,000 ரூபாய்! கட்டிய தொகை அதேதான். கூடுதலாக உழைத்தது காலம். ஒவ்வொரு பண்டிகைக்கும் கணக்கை முடித்துப் பணம் எடுப்பவர், முதல் ஐந்தாண்டையே திரும்பத் திரும்ப நடத்துகிறார்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில், 1844 டிசம்பர் 21-ஆம் தேதி கூட்டுறவுக் கடை திறந்த 28 பேரில் நெசவாளர்களும் இருந்தனர். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. வாரம் இரண்டு பென்னி வீதம் கட்டத் தொடங்கினர். அவ்வீதத்தில் ஒரு பவுன் சேர 120 வாரங்களாகும். பின்னர் மூன்று பென்னியாக உயர்த்தினர். கடையில் கடன் விற்பனை கிடையாது. கொள்முதலுக்குக் கிடைத்த லாபப் பங்கை அங்கத்தினர் கையில் வாங்காமல் கடையிலேயே விட்டுவைக்கவும் வழி இருந்தது.

ஆகவே, கூலிப் பட்டுவாடாவின்போதே, பணம் கைக்கு வருமுன், சிக்கன நிதியைப் பிடித்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுப்பது நலம். விவசாயிக்கு மாதத் தவணை பொருந்தாது. விளைச்சல் விற்கும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், அங்கத்தினரிடம் பிடித்த சிக்கன நிதியை நூல் கொள்முதலில் முடக்கிவிட்டிருந்தனர். மகள் திருமணத்திற்குப் பணம் கேட்டுவந்தவர் மூன்று முறை வெறுங்கையுடன் திரும்பினார். அவர் வெளியில் கடன் வாங்கிய பின்னரே அவரது சொந்தப் பணம் வந்தது. அங்கத்தினர் கண்டிப்பது ஒருபுறம் இருக்க, அதிகாரிகளாகிய நாமும் அதை முன்னரே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பிடித்தம் செய்த தொகை பாஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா, சங்கம் அதை எந்த வங்கியில் வைத்திருக்கிறது என்ற இரு கேள்விகளை மகாசபையில் எழுந்து கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. தீபாவளிப் பட்டுவாடாவில் பிடித்தம் தொடங்குவது கடினம் என்று கருதும் சங்கங்கள், கார்த்திகை முதல் பட்டுவாடாவில் தொடங்கலாம்.