மடிக்கணினி சார்ஜ் ஏறவில்லையா? "போர்டு போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்!



நம் ஊரில் நிறைய வீடுகளில் பீரோ மேலேயோ டிரங்குப் பெட்டியிலேயோ ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டு இருக்கும். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்களும் அக்காக்களும் வாங்கியது. இப்போது எடுத்துச் சார்ஜர் மாட்டினால் ஒன்றுமே நடக்காது. வீட்டில் உடனே "அது செத்துப் போச்சு, பழைய சாமான்காரர்கிட்டப் போடு" என்பார்கள். கடைக்குக் கொண்டு போனால் "போர்டு போச்சு" என்பார்கள். இந்த இரண்டையும் நம்புவதற்கு முன்னால் நாமே கொஞ்சம் பார்க்கலாம்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாராவது முதலில் வயலைத் தோண்டுவார்களா? மதகில் ஆரம்பித்து வாய்க்கால் ஓரமாகவே நடந்து, எங்கே உடைப்பு என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். கரண்டும் அப்படித்தான். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்தான் மதகு. பிறகு ஒயர், கருப்பு டப்பா (இதுதான் அடாப்டர்), அதிலிருந்து வரும் மெல்லிய ஒயர், அதன் முனையில் பின், லேப்டாப்பில் பின் சொருகும் ஓட்டை, உள்ளே போர்டு, கடைசியில்தான் பேட்டரி. எந்த இடம் வரைக்கும் கரண்ட் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பிளக் பாயிண்ட். அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். செல் ஏறினால் பாயிண்டில் கரண்ட் இருக்கிறது. ஆனால் லேப்டாப் பிளக் மூன்று முள் உள்ளது, கனமானது. ஓட்டை தேய்ந்திருந்தால் தொங்கிக்கொண்டு சரியாகத் தொடாது. உள்ளே கிர்ர் என்று சத்தம் வந்தாலோ பிளக் சுட்டாலோ அந்தப் பாயிண்டை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளக்கில் இருந்து அடாப்டர் வரைக்கும் உள்ள ஒயர். இது பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். அடாப்டரில் சொருகும் இடத்தில் நன்றாக அழுத்திப் பாருங்கள். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்க. அதே மாதிரி ஒயர் வேறு வீட்டில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "லோ வோல்டேஜ், அதான் ஏறலை" என்று எல்லோரும் சொல்வார்கள். அடாப்டரைத் திருப்பி எழுத்துகளைப் படியுங்கள். இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அது 150-க்கு இறங்கி டியூப் லைட் கண் சிமிட்டினாலும் இந்த அடாப்டர் வேலை செய்யும். அதனால் லோ வோல்டேஜ் மேல் பழி போடுவது பெரும்பாலும் சரியில்லை.

அதே இடத்தில் அவுட்புட் என்றும் இருக்கும். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது நிறையப் பார்க்கலாம். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். வேறு அடாப்டர் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கும்போது வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், ஏனென்றால் லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் போர்டு நிஜமாகவே போய்விடும். பின் பொருந்துகிறதே என்று மட்டும் பார்த்து மாட்டாதீர்கள்.

எங்கள் அக்கா 2018-இல் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய லேப்டாப்பும் இப்படித்தான் நின்றது. அக்கா குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள், பழைய கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கடையில் பார்த்துவிட்டு, "அடாப்டர்ல பச்சை லைட் எரியுது, அது நல்லா இருக்கு. போர்டுதான் போச்சு, நாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா சீட்டை முன்கூட்டியே எடுக்கலாமா என்று யோசித்தாங்க. நான் அடாப்டரைப் பள்ளிக்கு எடுத்து வந்து அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள் ஓட்டையிலும் கருப்பு முனையை வெளிப்பக்கத்திலும் வைத்தார்கள். 0 காட்டியது. பின்னுக்குப் பக்கத்தில் ஒயரின் கழுத்தை லேசாக வளைத்ததும் 19 என்று குதித்தது! விட்டால் திரும்பவும் 0. பச்சை லைட் டப்பா வரைக்கும்தான் சாட்சி. டப்பாவைத் தாண்டி ஒயர் உள்ளே அறுந்திருந்தால் லைட் எரியத்தான் செய்யும், லேப்டாப்புக்கு ஒன்றும் போகாது. ரேடியோ ரிப்பேர் செய்யும் மாமா அந்த இடத்தை வெட்டிப் புதுப் பின் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

மல்டிமீட்டர் வைக்கும்போது இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. 20 என்ற அளவில் வைத்து 1 என்று மட்டும் காட்டினால் பயப்படாதீர்கள். அடாப்டர் 20 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறது, 200-க்கு மாற்றினால் சரியாகக் காட்டும். சில கம்பெனிப் பின்களில் நடுவில் ஊசி மாதிரி மெல்லிய கம்பி இருக்கும். அது "நான்தான் உன் சார்ஜர்" என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்கிற கம்பி. அது உடைந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

அடாப்டர் சரி, ஆனாலும் பின்னை ஆட்டினால்தான் லைட் வருகிறது என்றால், லேப்டாப்பில் சொருகும் ஓட்டை லூசாகி இருக்கிறது. அதைக் கடையில்தான் பற்றவைக்க வேண்டும். அதற்கும் போர்டு மாற்றத் தேவையில்லை.

இப்போது பேட்டரி. பேட்டரி தனியாகக் கழலும் மாதிரி இருந்தால் கழற்றுங்கள். சார்ஜரையும் உருவிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜர் மட்டும் மாட்டிப் போடுங்கள். ஓடினால் அதுவரைக்கும் எல்லாம் நலம், சந்தேகம் பேட்டரி மேல்தான். அக்கா லேப்டாப் இப்படி ஓடியது. பேட்டரியைத் திரும்ப மாட்டினால் "பிளக்டு இன், நாட் சார்ஜிங்" என்று வந்தது. ஒரு ராத்திரி முழுக்க விட்டும் 0 சதவீதம்தான். இரண்டு வருஷம் பெட்டியில் சும்மா கிடந்தது காரணம். லித்தியம் அயனி பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ரொம்ப இறங்கிவிட்டால் உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சுற்று "இனி ஏற்ற விடமாட்டேன்" என்று பூட்டிவிடும். இப்போது அக்கா பேட்டரி இல்லாமலே ஓட்டுகிறாள். கரண்ட் போனால் பட்டென்று அணைந்துவிடும், அதனால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் செய்கிறாள்.

(இந்த லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சோனி கம்பெனி முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. அதில் ஜான் குட்இனஃப் அவர்களுக்கு அப்போது வயது 97! நோபல் வாங்கியவர்களிலேயே அதிக வயதானவர் அவர்தான்.)

"நாட் சார்ஜிங்" என்று வந்தாலே பேட்டரி கெட்டது என்றும் சொல்ல முடியாது. பேட்டரி நாள்பட உழைப்பதற்காக 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் செட்டிங் சில லேப்டாப்பில் உண்டு. சூடும் ஒரு காரணம். இந்தப் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் பல லேப்டாப்கள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். சித்திரை மாதம் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்து, காற்றுப் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு சார்ஜ் போட்டால் எப்படி ஏறும்? மெத்தையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, ஆறியதும் போட்டுப் பாருங்க.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். ஒன்று, அடாப்டர் டப்பாவை உடைத்துத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கலாம். இரண்டு, பேட்டரி உப்பியிருந்தாலோ, மவுஸ் பட்டை மேலே தூக்கியிருந்தாலோ உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பை மேட்டிலும் போடாதீர்கள், அங்கே குப்பையைக் கொளுத்துகிறார்கள். பெரியவர்களிடம் சொல்லி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம் அறிவியல் ஆய்வக அலமாரியில் அந்த மல்டிமீட்டர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பார்த்துத் தருவதாக டீச்சர் சொல்லியிருக்காங்க. லேப்டாப்பைத் தூக்கி வர வேண்டாம். அடாப்டரும் ஒயரும் போதும், பெயர் எழுதி ஒட்டி எடுத்து வாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு