மீன் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மானகிரி, காரைக்குடி வட்டாரத்தில் மீன் தொட்டி வாங்குகிறவர்கள் கையோடு விளக்கையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். தொட்டிக்கு இடம் பார்த்துவிட்டு விளக்குக்குப் போவதே சரி. எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதை வீடே பாதி சொல்லிவிடும்.

1. செட்டிநாட்டு வீட்டில் தொட்டி வைக்கக் கூடாத இடம் வளவு வாசல் ஓரம். பார்க்க அழகாக இருக்கும்தான். ஆனால் மேலே திறந்த வானம். நேர் வெயில் தினமும் சிறிது நேரம் விழுந்தாலே தண்ணீர் பச்சையாகிவிடும். பழி விளக்கின் மேல் போகும். பட்டாலையின் உள்சுவர் ஓரம், இரண்டாம் கட்டின் நிழல் பக்கம் நல்லவை. அங்கே இருக்கும் வெளிச்சம் நமக்குப் போதும், செடிக்குப் போதாது. விளக்கின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

2. கடையில் எல்லோரும் வாட்ஸ் கேட்கிறார்கள். வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு லூமன் என்று பெயர். பெட்டியில் லூமன் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் உள்ள தொட்டியில் மண், கல் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் மட்டும் என்றால் லிட்டருக்கு 10 லூமன் தாராளம். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா பாசி போன்ற நிழல் செடிகளுக்கு 15 முதல் 20. வேலம்பாசி செழிக்க 25, 30 வரை போகலாம். அதாவது 60 லிட்டருக்கு 1200 லூமன் உள்ள விளக்கு பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 100 லூமன் தருவதால் 12 வாட்ஸ் போதும். தினம் 8 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாத மின்கணக்கில் 6 யூனிட்கூட ஆகாது.

3. நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். செடித் தொட்டிக்கு 6500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. வீட்டுக்கு வாங்கும் மஞ்சள் பல்ப் 3000. அதில் தண்ணீர் டீ போலத் தெரியும்.

4. பளீரென்ற நீல விளக்கைக் காட்டி, இதுதான் உயர்ந்தது என்பார்கள். அது கடல்நீர்ப் பவளத் தொட்டிக்கானது. கெட்டிப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; வீட்டில் வைப்பது குற்றம். நம் கப்பிக்கும் தங்கமீனுக்கும் அந்த விளக்கு வீண் செலவு.

5. சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி மினுக்கும் விளக்கு கல்யாணப் பந்தலுக்கு. மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நியான் டெட்ரா போன்ற மீனின் நீலக்கோடு தூக்கலாகத் தெரிய வேண்டுமா? வெளிச்சத்தைக் குறைத்து, அடியில் கறுப்பு மண் போடுங்கள். பணமும் மிச்சம்.

6. பெட்டியில் ஐ.பி. 67 அல்லது 68 என்று இருக்கட்டும். தவறித் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். 230 வோல்ட் நேராகப் போகும் விளக்கைவிட, 12 வோல்ட் அடாப்டர் உள்ளதே பாதுகாப்பு. ஒயர் பிளக்குக்கு நேராக ஏறக் கூடாது. பிளக்கைவிடக் கீழே இறங்கி, வளைந்து ஏற வேண்டும். ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கையை உள்ளே விடுமுன் சுவிட்சை அணைப்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

7. எல்.இ.டி. சூடாகாது என்பது பாதிதான் உண்மை. சூடு கீழே வராது, முதுகுப் பக்கம் போகும். சித்திரை வைகாசியில் மூடிய தேக்குப் பெட்டிக்குள் விளக்கை வைத்தால் சூடு வெளியேற வழி இல்லை. 50,000 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். தினம் 8 மணி நேரம் வீதம் 17 வருடக் கணக்கு. ஆனால் முதலில் போவது பெரும்பாலும் அடாப்டர்தான். மூடியின் பின்பக்கம் காற்றுவழி விடுங்கள். கோடையில் தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்; அந்த மாதங்களில் ஏர் பம்ப்பை நிறுத்த வேண்டாம், நீர் மேற்பரப்பில் சின்ன மின்விசிறிக் காற்று படட்டும்.

8. டைமர் கட்டாயம். இந்தப் பக்கம் குடும்பம் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் காலையில் வந்து தீனி போட்டுவிட்டுப் போவார். விளக்கை அணைக்க மறுபடி வரச் சொல்வது முறையல்ல. புதுத் தொட்டிக்கு 6 மணி நேரத்தில் தொடங்கி, செடி வேர் பிடித்த பிறகு 8 ஆக்குங்கள். மின்தடை வந்து போனால் சில டைமர்கள் நேரம் தப்பிவிடும். பேட்டரி உள்ளதாகக் கேளுங்கள்.

9. வீட்டில் விசேஷம், நடுராத்திரி வரை வளவு முழுக்க விளக்கு எரிகிறது என்றால், தொட்டி மேல் ஒரு பழைய வேட்டியைப் போடுங்கள். காற்றுவழியை மட்டும் மறைக்காமல்.

10. கண்ணாடியில் பாசி ஏறினால் உடனே விளக்கை மாற்ற ஓடாதீர்கள். ஒரு மணி நேரம் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். தீனி மிஞ்சுகிறதா என்பதையும் பாருங்கள்.

11. போர் தண்ணீர் ஊற்றினால் விளக்குக்குக் கீழுள்ள மூடிக் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படியும், வெளிச்சம் குறைந்துபோகும். வாரம் ஒருமுறை கண்ணாடியை வெளியே எடுத்து, எலுமிச்சை மூடியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தபின் திரும்ப வையுங்கள்.