மழைநீருக்கும் ஒரு பிராகாரம்!

கோயிலுக்குள் நுழைந்ததும் கோபுர தரிசனம், கொடிமர நமஸ்காரம், பிறகு மூலவர் சந்நிதி... இதுதானே நம் வழக்கம்? அடுத்த முறை பிரதட்சிணம் வரும்போது, மண்டபத்தின் மேல் விளிம்பைச் சற்று கவனியுங்கள். மேல்தளத்தில் விழும் மழை, சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்காகக் கல்லிலேயே தூம்பு அமைத்திருப்பார்கள். கல் பாவிய தரையும் சமதளம் போலத் தெரியுமே தவிர, பல கோயில்களில் அது மெல்லச் சரிந்திருக்கும். மனையின் ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது வாஸ்து விதி.

அபிஷேகத் தீர்த்தம் கோமுகி வழியே வெளியேறுவதை அறிவோம். மழைக்கும் அதே மரியாதைதான்! தூம்பிலிருந்து பிராகாரம், அங்கிருந்து கால்வாய், பிறகு நந்தவனம் அல்லது திருக்குளம். குளத்துக்கு நீர் வர ஒரு வழி, நிரம்பியதும் மிச்சம் வெளியேற ஒரு வழி. வரத்து அடைபட்டால் குளம் வறண்டுவிடும். போக்கு அடைபட்டால் வெள்ளம் உள்ளேயே நிற்கும். 2020 டிசம்பரில், புரெவி புயல் மழையின்போது சிதம்பரம் நடராஜர் ஆலயப் பிராகாரத்திலேயே தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும்.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கும் சற்று அதிகம். அதாவது, ஈசனுக்கு ஒரு பங்கு இடம் என்றால் நீருக்கு இரண்டு பங்கு! நாமோ கார் நிறுத்த இடம் விடுகிறோம், மழை இறங்க ஓரடி மண்ணைக்கூட விடாமல் வாசல்வரை சிமென்ட் பூசிவிடுகிறோம்.

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தபோது தோண்டிய குழி, பல வீடுகளில் இன்று தூர்ந்து கிடக்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். அத்தனையும் தெருவுக்குத்தான் ஓடுகிறது.

ஐப்பசி அடைமழைக்கு முன் மாடியைப் பெருக்கி, குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்து அலசிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிடுங்கள். குளியலறைக் கழிவுநீர் மட்டும் அந்தக் குழிக்குப் போகவே கூடாது.

இடம் இருந்தால், வீட்டு அஸ்திவாரத்தை விட்டு விலகி, மதிலோரமாக இரண்டடி அகலத்துக்குச் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, தரையைவிட அரையடி தாழ்வாகப் பாத்தி கட்டுங்கள். முற்றத்து நீர் அதில் வந்து இறங்கட்டும். செம்பருத்தி, நந்தியாவட்டை வைத்தால் பூஜைக்கும் ஆயிற்று. துளசிக்கு மட்டும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அதனால்தானோ என்னவோ, அவளுக்கு உயரமாக மாடம் கட்டினார்கள்! அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கோயில் குளத்துக்குப் போகும்போது இன்னொன்று... நிர்மால்யத்தைப் பிளாஸ்டிக் பையோடு படித்துறையில் போடாதீர்கள். அது போய் அடைப்பது வாய்க்காலைத்தான்.

மழை விட்ட மறுநாள் காலை, கோலம் போட வரும்போது பாத்தியைப் பாருங்கள். நீர் இறங்கியிருந்தால் சரி. இன்னும் தேங்கியிருந்தால், மண் காய்ந்ததும் கிளறி, கொஞ்சம் மணல் கலந்துவிடுங்கள்.