தண்ணீர்க் குழாயில் துரு

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. இப்படி வீடிழந்து புது இடத்தில் குடியேறும் குடும்பம் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். வரக்காப்பொலைப் பக்கத்தில் அது ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரலாம், அல்லது கூரையிலிருந்து தாங்கிக்கு வரலாம். எப்படி வந்தாலும், வழியில் இரும்போ தகரமோ இருந்தால் துருவைப் பற்றி அறிந்திருப்பது அவசியம். வடபகுதியார் இதைக் கறள் என்பர்.

வெறும் தண்ணீரால் இரும்பு துருப்பிடிப்பதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனும் சேரவேண்டும். இங்கிலாந்தில் வாழும் நம்மவர் வீடுகளில், குளிர்காலத்தில் உருக்குத் தகடுகளுக்குள் சுடுநீரை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்குவார்கள். அதே நீரே ஆண்டுக்கணக்கில் சுற்றுவதால் அதிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து துருவும் அடங்கிவிடும். ஒழுக்கு ஏற்பட்டு, அடிக்கடி புதுநீர் விட நேர்ந்தால் துரு மறுபடி வளரும். நமது குழாயிலோ நாள்தோறும் புதுநீர்தான். ஆகவே துருவைத் தாமதப்படுத்தலாமே தவிர முற்றாக நிறுத்த முடியாது.

நமது மழைநீருக்குச் சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. யாழ்ப்பாணக் கிணற்றுநீர் கேத்தலில் வெள்ளையாகப் படியும். அத்தகைய சுண்ணாம்புப் படிவு குழாயின் உட்புறத்தை ஓரளவு காக்கும். மழைநீரில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதற்காகவே இரும்பின்மேல் நாகம் பூசுகிறார்கள். நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. குழாயை வெட்டி மரை போட்ட இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நாகம் பூசிய குழாயோடு செப்புக் குழாயை நேரே இணைக்கவோ, செப்புக் கம்பியால் அதைக் கட்டவோ வேண்டாம். செம்பு தொட்டிருக்கும் இடத்தில் ஈரமும் சேர்ந்தால் நாகம் விரைவாக அரிக்கப்படும். இறப்பர்ப் பால் உறைய வைக்கும் அசிட்டும் அப்படியே. அந்தப் பாத்திரம் கழுவிய நீரைக் குழாய் ஓரத்தில் ஊற்றாதீர்கள்.

காலையில் முதலில் வரும் நீர் செம்மண் நிறமாக இருந்தால், அது இரவெல்லாம் குழாயில் தங்கிய நீர். அதில் தேயிலை போட்டால் சாயம் மை போலக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. அந்த நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

சாயம் கறுப்பது சிறிய விடயம். துரு குழாயைத் துளைத்துவிட்டால்தான் உண்மையான ஆபத்து. நீர் வேகமாக ஓடும்போது துளையால் வெளியே கசியும். நீர் நின்று குழாய் வெறுமையாகும்போது, அதே துளையால் வெளியிலுள்ள கானின் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் அதைத்தான் பிள்ளை குடிக்கிறது. ஒழுக்கை நீர் வீணாகிறதே என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எளிது. இரவில் தாங்கிக்கு வரும் நீரை அடைத்து, வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடி, தாங்கியில் நீர்மட்டத்துக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். காலையில் நீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தால், தாங்கியிலோ குழாயிலோ ஒழுக்கு இருக்கிறது. கானைக் கடக்கும் துண்டை முதலில் பாருங்கள். சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவது ஓரிரு நாளுக்குத்தான் உதவும், துண்டையே மாற்றவேண்டும். பிவிசி குழாய் துருப்பிடிக்காது. ஆனால் வெயில் பட்டால் நொறுங்கும், ஆகவே மண்ணுக்குள் புதைக்கவேண்டும்.

கூரைநீர் சேர்ப்பவர்கள் தகரத்தின்மேல் ஈர இலை கிடக்க விடக்கூடாது. இலைக்கடியில்தான் தகரம் முதலில் ஓட்டையாகும். 30 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 30 லீற்றர் நீர் வரும். வெயிலுக்குப்பின் வரும் முதல் மழையில் குறைந்தது அந்த அளவையாவது வெளியே விட்டுவிடுங்கள். எலியும் நுளம்பும் புகாதபடி தாங்கியை மூடி, திறப்புகளுக்கு வலை கட்டுங்கள். எலிக்காய்ச்சலும் டெங்கும் நமது மாவட்டத்துக்குப் புதியவை அல்ல.

தாங்கி கழுவ ப்ளீச்சிங் பவுடர் போடுவதானால், அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுங்கள். அளவு கூடினால் அதுவே இரும்பை அரிக்கும். எந்த நீரானாலும் கொதிக்கவைத்து ஆறவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.