ஐந்தாவது தேர்வாகக் கிடைத்த படிப்பு

கேள்வி: அக்கா, சிரம்பான், லோபாக்கிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 22 வயது. லோபாக் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது கோமுட்டர் ரயிலில் போகிற தூரத்திலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் படிக்கிறேன். 8 பருவத்தில் 5 முடிந்துவிட்டது.

எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு யு.பி.யு.வில் விண்ணப்பித்தபோது மருந்தியலைத்தான் முன்னால் போட்டேன். ஐந்தாவதாகப் போட்ட வேதியியல் கிடைத்தது. கிடைத்ததை விடாதே என்று வீட்டில் சொன்னார்கள், சேர்ந்துவிட்டேன். முதல் ஆண்டில் சி.ஜி.பி.ஏ. 3.31. இப்போது 2.78. போன பருவம் இயற்பிய வேதியியலில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். விரிவுரையில் கேள்வி கேட்க வாய் வராது. ஆய்வகம் மட்டும் பரவாயில்லை, அங்கே நேரம் போவது தெரியாது. முதல் ஆண்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி வேறு துறைக்கு மாறிப் போய்விட்டாள். அதிலிருந்து தனியாகத்தான் சாப்பாடு, பல நாள் மெகி. ராத்திரி 2 மணி வரை தூக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 7 பேருக்குக் கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுக்கிறேன். வாரத்திலேயே எனக்குச் சந்தோஷமான 2 மணி நேரம் அதுதான்.

அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா செனவாங்கில் தொழிற்சாலை ஆப்பரேட்டர். பாட்டி தோட்டத்தில் 30 ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் எங்களோடு வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். “டீச்சராகிடு, உனக்கு அதுதான் வருது” என்கிறார் அம்மா. “இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும், நிறுத்திட்டு சிங்கப்பூருக்கு வா” என்கிறார் மாமா. பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. பட்டமளிப்புக்கு எந்தச் சேலை கட்டுவது என்று மட்டும் அடிக்கடி கேட்பார். அதுதான் அதிகமாக வலிக்கிறது.

படிப்பை நிறுத்தலாமா? ஆசிரியராகப் போகலாமா? இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவளா, அக்கா?

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தில் மூன்று கேள்வி இருக்கிறது. ஆனால் நீ கேள்வியாக ஆக்காமல் விட்ட ஒரு வரியில்தான் நான் முதலில் நின்றேன். ராத்திரி 2 மணி வரை தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய். தூங்காத தலைக்கு எந்தப் பாடமும் பிடிக்காது. உன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று கவுன்செலிங் பிரிவு இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். இந்த வாரமே போய் உட்கார்ந்து பேசு. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதே. படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சையெல்லாம் நீ நாலு வாரம் ஒழுங்காகத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்வோம்.

அதற்குள் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். 3.31 வாங்கிய ஆண்டில் உன் பக்கத்தில் ஒரு தோழி இருந்தாள். அவள் போனாள், தனிச் சாப்பாடு வந்தது, புள்ளி இறங்கியது. ஆய்வகத்தில் பக்கத்தில் இன்னொரு மாணவர் நிற்பார், கைக்கு வேலை இருக்கும், நேரம் போவது தெரியவில்லை. சனிக்கிழமை 7 பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அன்றைக்கு நீ சந்தோஷமாக இருக்கிறாய். நீ வேதியியலை வெறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைத் தன்னந்தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாய், அது உன்னைத் தின்கிறது.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இயற்பிய வேதியியல் தாள் ஒன்றில் தோற்று மறுபடி எழுதியவள் நான். இரண்டாம் முறை என்னைத் தேற வைத்தது புதிய புத்தகம் எதுவும் இல்லை. விடுதியில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி மலாய்க்காரி, ஒருத்தி சீனப் பெண். ஒவ்வொரு சமன்பாட்டையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அறைக்குத் திரும்பியதும் நான் அதையே தமிழில் எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். வெப்பம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் வாங்கிக்கொண்டது என்று வீட்டுக் கணக்கு மாதிரி. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் மாறி மாறிப் படித்து வந்த நம் பிள்ளைகளுக்குப் பல நேரம் பாடம் புரியாமல் இருப்பதில்லை. புரிந்ததைச் சொல்லும் வாய்தான் அடைத்துப்போகிறது. விரிவுரையில் கையைத் தூக்க முடியாவிட்டால் பரவாயில்லை. விரிவுரையாளரின் அறைக்குப் போய், ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதி நீட்டு. உனக்கென்று ஒரு கல்வி ஆலோசகரும் இருப்பார். கையெழுத்து வாங்க மட்டும் அவரிடம் போகாதே.

இப்போது பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான்.

பாட்டி சேலையைப் பற்றியே கேட்கிறார் என்கிறாய். உன் படிப்பைப் பற்றி அவர் வேறு என்ன கேட்பார்? கேட்பதற்கு நீ ஏதாவது சொல்லியிருக்கிறாயா? “கெமிஸ்ட்ரி, பாட்டி, உங்களுக்குப் புரியாது” என்று சொல்லி நிறுத்தியிருந்தால், அவருக்குத் தெரிந்த பட்டமளிப்பையும் சேலையையும்தான் அவர் பிடித்துக்கொள்வார்.

ஆனால் உன் வீட்டில் வேதியியல் தெரிந்த முதல் ஆள் நீ இல்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தன் நிரையில் மரம் மரமாக உளி போட்டவர் பாட்டி. ஏன் அவ்வளவு விடியற்காலையில்? அந்த நேரத்தில்தான் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்தில் கட்டிய மங்கில் இறங்கிய பால் வாளியிலேயே கட்டிவிடாமல் இருக்க அம்மோனியா. கொட்டாய்க்கு வந்ததும் அதே பாலைக் கட்ட வைக்க பார்மிக் அமிலம். பாலில் மிதக்கும் ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு புரத உறை இருக்கிறது. அந்த உறையிலுள்ள எதிர் மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. அமிலம் ஊற்றினால் அந்தத் தள்ளும் சக்தி போய்விடும், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் உன் இயற்பிய வேதியியல் புத்தகம் கூழ்மம் என்ற தலைப்பில் நடத்துகிறது. நீ தட்டுத் தடுமாறித் தேறிய அதே பாடம்தான்.

இன்னொன்றும் உண்டு. பாட்டியின் கூலி வெறும் பாலின் எடைக்குக் கிடைத்ததில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர்; ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது, ஆகவே பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணி மிதவையின் கோட்டைப் பார்த்து ஓர் எண்ணை எழுதுவார். அன்றைய கூலி அதைப் பொறுத்ததுதான். நுரை இருந்தாலும், பால் சூடாக இருந்தாலும், கண் சரியான மட்டத்தில் இல்லாவிட்டாலும் எண் மாறும். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று தெரியாமலே அவர் வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றார். பிற்காலத்தில் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது, அதே சோதனையைச் சரியான முறையில் செய்யக் கற்றுக்கொண்டேன். மாதிரியை எடைபோட்டு, அமிலத்தில் கட்ட வைத்து, மெல்லிசாக உருட்டி, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். முதல் மாதிரி உலர்ந்து வந்த அன்றைக்கு நான் தராசு முன்னால் அழுதேன். வேதியியல் என்பது யாரோ ஒருத்தர் கூலியைச் சரியாக எழுதுகிற வேலையும்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த நாட்டின் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் தொடங்கியது. 1998-லிருந்து மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இருக்கிறது. ரப்பர் ஷீட்டைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துத் தரம் சொல்வதோடு நிற்காமல், அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதித்துத் தரம் போடும் முறையை மலேசியா 1965-இல் கொண்டுவந்தது. அதெல்லாம் உன்னைப் போல ஆய்வகத்தில் நேரம் போவது தெரியாமல் நின்றவர்கள் செய்த வேலை.

மாமாவின் கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. என்ன வேலை கிடைக்கும்? இதற்கு நான் பட்டியல் போடப் போவதில்லை, நீ போய்ப் பார். அம்மா வேலை செய்யும் செனவாங்கிலேயே தொடங்கு. தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதித்துச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் அதன் கீழ் 2009-இல் வந்த விதிகளும் சொல்கின்றன. அந்தச் சுத்திகரிப்பை நடத்தத் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் யார், என்ன படித்தவர், நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று அம்மாவை விசாரிக்கச் சொல். நீ வாராவாரம் வந்து போகிற ரயில் தடத்தின் பக்கமாக, பாங்கியில் மலேசியச் செம்பனை வாரியம் இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது, தோழிகள் போகிறார்கள் என்பதற்காக ஓர் இடத்துக்குப் போகாதே. பொருளைக் கையால் தொட்டுச் சோதிக்கிற இடமாகப் பார். அப்படிச் சோதிக்கிறவர் ஏன் வேண்டும் தெரியுமா? 2019-இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டி, 111 பள்ளிகளை மூட வேண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பெற்றோர் தவித்த நேரத்தில், பதில் சொல்ல வேண்டியிருந்தது வேதியியலாளர்தான். சிங்கப்பூரிலும் இந்த வேலைகள் உண்டு. ஆனால் பாதிப் படிப்போடு போகிறவளுக்கும் பட்டத்தோடு போகிறவளுக்கும் கிடைக்கும் வேலை ஒன்றாக இருக்காது என்பதை மாமாவும் ஒத்துக்கொள்வார்.

ஆசிரியர் வேலை பற்றி அம்மா சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு அந்தக் கை இருக்கலாம். ஆனால் விருப்பப்பட்டு வந்து உட்காரும் 7 பிள்ளைகளோடு 2 மணி நேரம் வேறு; படிக்கப் பிடிக்காத 35 பிள்ளைகளோடு திங்கள் முதல் வெள்ளி வரை, அதற்கு மேல் கோப்பு, கூட்டம், புறப்பாட நடவடிக்கை என்று இருப்பது வேறு. நல்ல ஆசிரியர்கள் இதையும் சேர்த்துத்தான் நேசிக்கிறார்கள். பருவ விடுமுறையில் உன் பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் பின் வரிசையில் உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வழி மூடவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் பலர் எஸ்.பி.எம். முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக் கழகம் போனவர்கள். அந்த வழியைத் தாண்டி வந்துவிட்ட உனக்குப் பட்டத்துக்குப் பிந்திய கல்வி டிப்ளோமா இருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகலாம். எல்லா ஆண்டும் ஒரே அளவு ஆள் எடுப்பதில்லை, சபா சரவாக்குக்கும் அனுப்புவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்கு. எப்படிப் பார்த்தாலும் அந்த வாசலுக்கும் இந்தப் பட்டம்தான் சாவி.

ஆகவே நிறுத்தாதே. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்கியிருந்தால், பட்டம் இல்லாமல் வெளியே வந்தாலும் வாங்கிய பணத்தைக் கட்டியாக வேண்டும். உடம்போ மனமோ உண்மையாகவே தாங்கவில்லை என்றால் ஒரு பருவத்தைத் தள்ளிப்போட விதி இருக்கிறது. அப்படிச் செய்தால் கடன் தவணை என்னவாகும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்.

நன்றி கெட்டவளா என்று கேட்டிருந்தாய். இல்லை, தங்கச்சி. ஒரு பாடம் பிடிக்கவில்லை என்பதால் யாரும் நன்றி கெட்டவர் ஆவதில்லை. அப்பா லோரி ஓட்டுவது உன்னை வேதியியலாளர் ஆக்குவதற்காக மட்டும் இல்லை, நீ சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பதற்காகவும்தான். அந்தப் பங்கை நீ அவருக்கு இன்னும் கொடுக்கவில்லை. உனக்குத் தூக்கம் வருவதில்லை என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

வருகிற சனிக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். ரெம்பாவ், கோலப்பிலா பக்கம் இன்னும் பால் வெட்டும் சிறுதோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பாவைக் கேள், அவருக்கு யாரையாவது தெரிந்திருக்கும். காலையில் இறங்கிய பால் அரை லிட்டர் வாங்கி வரச் சொல், அம்மோனியா கலக்காததாக. வீட்டில் காடி இருந்தால் போதும், பார்மிக் அமிலம் தேடி அலையாதே. பிள்ளைகள் 7 பேரையும் உட்கார வைத்து, பாட்டியை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வை. பாலில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், எப்போது கிளறுவதை நிறுத்த வேண்டும் என்று அவரைச் சொல்லச் சொல்; ஏன் என்று நீ சொல். பால் கட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் மெட்ரோலாக் பற்றிக் கேட்டுப் பார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.