இரவு மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறினால் காரணம் சொல்ல வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தி, பக்கத்து வீட்டுப் பாயசம் என்று ஏதாவது மாட்டும். வெறும் வயிற்றில் ஏறினால்தான் ஒன்றும் புரியாது. எனக்குச் சர்க்கரை வந்த புதிதில் படுக்கும்போது 130 காட்டும் மீட்டர், விடிந்ததும் 165 காட்டும். "ராத்திரி எழுந்து என்னத்தைச் சாப்பிட்டே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கோபம் எனக்கு அவர் மேல் வரும், மீட்டர் மேலும் வரும்.

டாக்டர் சொன்ன பதில் சுருக்கமானது: "கல்லீரல் தூங்காதும்மா." நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் தருகிறது. சேமித்து வைத்ததை விடுவிக்கும், புதிதாகவும் தயாரிக்கும். பின்னிரவு மூன்று மணிக்கு மேல் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும்போது அந்த வரத்தும் கூடுகிறது. சர்க்கரை இல்லாதவருக்குக் கணையம் இன்சுலினைச் சற்றுக் கூட்டிச் சுரந்து சமாளித்துவிடும். நமக்கு அது போதாமல் போகிறது. ஆகவே காலையில் 165 என்றால் திருட்டுத்தனமாகத் தின்றோம் என்று அர்த்தமில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டர் கொடுத்த வேலை, சில நாட்கள் மூன்று தடவை குத்திப் பார்ப்பது: படுக்கும்முன், இரவு மூன்று மணிக்கு, எழுந்தவுடன் காப்பிக்கு முன்னால். ஸ்ட்ரிப் விலை நினைத்தால் வயிறு எரியும், ஆனால் இதைச் செய்யாமல் உணவை மாற்றுவதில் பிரயோசனம் இல்லை. படுக்கும்போதே ஏறியிருந்தால் குற்றவாளி இரவுச் சாப்பாடு. படுக்கும்போதும் மூன்று மணிக்கும் சரியாக இருந்து விடிந்ததும் ஏறினால் கல்லீரலின் வேலை. மூன்று மணிக்கு 70-க்குக் கீழே போயிருந்தால் அது வேறு கதை. மாத்திரையோ இன்சுலினோ அதிகமாகிறது என்று பொருள். அந்த நேரமே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விடிந்ததும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரவில் உடம்பெல்லாம் வேர்த்து விழிக்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு.

என் கணக்கில் இரவுச் சாப்பாடு, கல்லீரல் என்று இரண்டு காரணமும் கலந்திருந்தன. கல்லீரலை மிரட்ட முடியாது, சாப்பாட்டை மாற்ற முடியும்.

நம் வீடுகளில் இரவு என்றால் சோறு, இல்லையென்றால் பலகாரம். சுகர் வந்ததும் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவார்கள். நாலு சப்பாத்தி, கூடவே உருளைக்கிழங்குக் குருமா! கோதுமை மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து இருக்கிறது, கேழ்வரகிலும் அப்படித்தான். எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், அதையே அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போட்டுச் சாப்பிட்டால் நிதானமாக ஏறும். என் மீட்டரில் நானே பார்த்தது இது. ரவா உப்புமா என்னைப் பொறுத்தவரை இரவுக்குத் தகாது.

இப்போது என் இரவுத் தட்டில் பாதி காய்: அவரை, புடலை, கொத்தவரை, கீரை, எது மலிவோ அது. கால் பங்கு பாசிப்பயறோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, முட்டையோ. மீதிக் காலில் இரண்டு இட்லி அல்லது ஒரு கோதுமை தோசை. காயையும் பயறையும் முதலில் முடித்துவிட்டு இட்லியைக் கடைசியில் தொடுவேன். ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிச் சாப்பிடுவதிலேயே ஏற்றம் குறைகிறது. ஏழரைக்குள் முடித்துவிட்டு மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடை. சீரியல் போகிறதே என்று மருமகள் சிரிப்பாள், போகட்டும்.

விடுவதற்குக் கஷ்டப்பட்டது படுக்கும்முன் வாழைப்பழமும், பாலில் கலக்கும் சத்துமாவும்தான். மலச்சிக்கலுக்கு என்று நம் ஊரில் பாதிப் பேர் இரவில் பழம் தின்கிறோம். கீரையும் காயும் கூடியதும் எனக்கு அந்தத் தேவை இல்லாமல் போனது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் சுகருக்கு நல்லது என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. மூன்றும் சர்க்கரைதான். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடலாம், அதன் நார்ச்சத்து கொஞ்சம் உதவும். மாத்திரைக்குப் பதில் ஆகாது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. வைத்தியம் சொல்கிறவர்கள் அதைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டால் காலையில் குறையாதா என்று கேட்கிறார்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி படுத்தால் நடு இரவில் சர்க்கரை இறங்கி மயக்கத்தில் முடியலாம்.

என் காலை அளவு இப்போது பெரும்பாலும் 110-க்கும் 130-க்கும் இடையில் நிற்கிறது. பொதுவாகச் சொல்லும் இலக்கு 80 முதல் 130 வரை. வயதானவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருகிறவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார். சரியாகத் தூங்காத மறுநாளும் சளி, காய்ச்சல் வந்தாலும் அளவு ஏறுகிறது. அப்போது சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் எண்ணைவிட, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைத்தான் டாக்டர் நம்புகிறார்.

இவ்வளவும் செய்தும் காலையில் இறங்கவில்லை என்றால் மருந்தின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கும். அதை நீங்களாக மாற்றாதீர்கள். மூன்று நேர அளவையும், அன்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.